மூன்றாம் பாகத்தில் நான் மாற்றிய வரி

போன வாரம் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற கல்லூரிப் பெண்ணின் முதுகுப் பையில் ஒரு முகம் அச்சிட்டிருந்தது. வெளிறிய நீல நிறம். நெற்றியிலிருந்து பின்பக்கமாக வளைந்து போகும் இரண்டு கொம்புகள். வாய் மட்டும் மனுஷ வாய். கொக்கிரகுளம் பாலத்தில் ஏறும்போது டிரைவர் பிரேக் போட, அந்த முகம் நேராக வந்து என் மூக்கில் இடித்தது. "அட, நீயா?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்கு இது தெரியுமா?" என்றாள், நம்பாத குரலில். கையில் முருங்கைக்காய்க் கட்டோடு நிற்கிற நாற்பது தாண்டியவளுக்கு ஜப்பான்காரர்களின் பேய்வேட்டைப் படத்தோடு என்ன சம்பந்தம் இருந்துவிட முடியும்?

"மூணாவது பாகம் நல்லாவே தெரியும்" என்றேன்.

"ஐயோ, அதுக்கு மேலதான் கதையே இருக்கு" என்று சிரித்துவிட்டு வண்ணார்பேட்டையில் இறங்கிப் போனாள். எனக்குக் கதை அந்த மூன்றாவது பாகத்திலேயே முடிந்துவிட்டது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? பஸ்ஸும் கிளம்பிவிட்டது. உங்களிடம் சொல்கிறேன், கொஞ்சம் நேரமாகும்.

என் முதல் வேலை பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு டி.டி.பி. சென்டரில். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, நினைவஞ்சலி, கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட், எல்லாம் அங்கே நடக்கும். உள்ளே நுழைந்ததும் ஒரு வாசனை வரும் பாருங்கள்: ஜெராக்ஸ் மெஷினின் சூடு, பைண்டிங் பசை, வாடிக்கையாளர்கள் மாதிரிக்குக் கொண்டுவந்து போட்ட பழைய பத்திரிகைகளின் ஓரத்து மஞ்சள். இன்றைக்கும் எங்காவது ஜெராக்ஸ் கடையில் நின்றால் எனக்கு இருபத்து மூன்று வயது ஆகிவிடுகிறது. மூட்டுவலி ஞாபகப்படுத்தும்வரைக்கும்.

கடை முதலாளி தங்கராஜ் அண்ணாச்சி. கடையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் நான் டைப் அடிப்பேன், அடுத்ததில் ஹெப்சிபா வடிவமைப்பாள். முதல் நாள் அண்ணாச்சி என்னிடம் சொன்னது இதுதான்: "அந்தப் பிள்ளைக்குக் காது கேக்காது, வாயும் பேசாது. ஆனா கண்ணு இருக்கு பாரு, அது நம்ம நாலு பேரு கண்ணுக்குச் சமம். நீ தப்பா அடிச்சேன்னா ரெண்டு மைல்ல இருந்து பாத்துருவா."

சொன்னது உண்மை. மணமகன் பெயருக்கும் மணமகள் பெயருக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி கூடிப்போனாலும் ஸ்கேலை எடுத்து என் முழங்கையில் தட்டுவாள். என்னைவிட ஒரு வயது பெரியவள். பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியில் தங்கிப் படித்தவள். ஊர் பத்தமடைக்கு அந்தப் பக்கம், ஆற்றையொட்டிய சின்ன ஊர். வேலைக்காக இங்கே ஒரு ஹாஸ்டலில் இருந்தாள்.

நான் அவள் பாஷையைப் படித்தது மின்வெட்டின் புண்ணியத்தில். அந்த வருஷங்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் போய்விடும். மற்றவர்கள் மின்சார வாரியத்தைத் திட்டினார்கள். நானும் ஹெப்சிபாவும் கதவோரம் வெளிச்சத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கையால் பேசினோம். முதலில் எண்கள், கிழமைகள், சாப்பாடு. அப்புறம் வாடிக்கையாளர்களைப் பற்றிய புறணி. புறணிக்குத்தான் எந்தப் பாஷையும் சீக்கிரம் வரும். ஐந்தாறு மாதத்தில் நான் தட்டுத்தடுமாறிப் பேச ஆரம்பித்துவிட்டேன். அவள் கையால் சொன்னதையெல்லாம் இங்கே என் வாய்த் தமிழில்தான் எழுத வேண்டியிருக்கிறது. அவள் சொன்ன அழகு இதில் கால்வாசிகூட இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு மதியத்தில்தான் அவள் தம்பி சாமுவேலைப் பற்றிச் சொன்னாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது, அவனுக்கு எட்டு. பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தாள். ஆற்றில் அவள் துணி துவைத்துக்கொண்டிருக்க, பின்னால் அவன் குளித்துக்கொண்டிருந்தான். கடைசிப் பாவாடையைப் பிழிந்துவிட்டுத் திரும்பினால் ஆள் இல்லை. தண்ணீர் ஒன்றும் நடக்காததுபோலப் போய்க்கொண்டிருந்தது. சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"தண்ணிக்குள்ள முங்குத ஆளால சத்தம் போட முடியுமா?"

"முடியாது" என்று உடனே சொன்னேன். எனக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

அந்தப் படம் வந்தது சலீம் வழியாக. சலீம் அவளோடு பள்ளியில் படித்தவன், அவனுக்கும் காது கேட்காது. மேலப்பாளையத்தில் தையற்கடை. துபாயிலிருந்து அவன் அண்ணன் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறையப் படங்கள் கொண்டுவந்திருந்தான். அதில் ஒரு மூலையில் இந்தத் தொடர் கிடந்தது. பெயர் ஜப்பானிய எழுத்தில் இருந்ததால் எங்களுக்குக் கடைசிவரை பெயர் தெரியாது. ஈட்டியை ஓங்குவதுபோல ஒரு கையசைப்பு, அதுதான் எங்களிடையே அதன் பெயர்.

ஓயாமல் பனி மூடிக்கிடக்கும் ஒரு சதுப்பு நாடு. அங்கே மனிதர்கள் சிலர் திடீரென்று கொம்பு முளைத்து மாறிவிடுகிறார்கள், மாறியபின் மனிதர்களையே தின்கிறார்கள். அவர்களை வேட்டையாட ஒரு கூட்டம். அதில் புதிதாகச் சேர்ந்தவள் தலைமுடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண். குட்டைமுடி என்று அவளுக்குப் பெயர் வைத்தோம். ரத்தம், பனி, ஈட்டி. அவ்வளவு இருட்டான படத்தில் அவ்வளவு அழகான தண்ணீரை நான் பார்த்ததில்லை. மார்கழிக் காலையில் வயல் மேல் நிற்குமே புகைபோல ஒன்று, அதற்குள் ஆட்கள் ஒவ்வொருவராகக் கரைந்து போவார்கள்.

சத்தம் இல்லாமலே ஹெப்சிபா அதில் மயங்கிவிட்டாள். ஆனால் கீழே ஓடிய எழுத்து ஆங்கிலம். அவளுக்குத் தமிழ் நன்றாக வரும், ஆங்கிலம் வராது. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவை மூடிவிட்டுச் சொன்னாள்.

"நீ காலேஜ்ல படிச்சவதானே? இதைத் தமிழ்ல எழுதிக் குடு."

நான் பி.காம். ஆங்கிலத்தில் ஒரு தாளை இரண்டாம் முறை எழுதித் தேறியவள். அதைச் சொல்ல மானம் தடுத்தது. "அதுக்கென்ன" என்றேன்.

முதல் பாகத்துக்கு மூன்று வாரம் ஆனது. கடையில் நாங்கள் அடிக்கும் பழைய எழுத்துருவில் அடித்துச் சேர்த்தால் திரையில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. ஹெப்சிபா பார்த்துவிட்டு, "இது பேயோட பாஷையா?" என்றாள். அண்ணாச்சியே யாரிடமோ கேட்டு வேறு முறையில் அடிக்கச் சொல்லித் தந்தார். பிறகு எழுத்து வந்தது, என் லட்சணமும் சேர்ந்து வந்தது. குட்டைமுடி ஒரு சந்தில் ஓடி, மேலே போக வழியில்லாமல் நின்று, 'முட்டுச் சந்து!' என்று கத்த வேண்டும். நான் 'டெட் எண்ட்' என்பதை அகராதியில் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து 'செத்த முனை!' என்று எழுதியிருந்தேன். ஹெப்சிபாவும் சலீமும் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, யார் செத்தது என்று அரைமணி நேரம் தேடினார்களாம்.

அந்தக் கொம்பு மனிதர்களை என்ன பெயரிட்டு அழைப்பது என்பது இன்னொரு வழக்கு. பேய் என்றால் அதற்குக் கால் இருக்கக் கூடாது. அரக்கன் என்றால் மீசை வேண்டும். பிசாசு என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் ஞாபகம் வருகிறது என்று ஹெப்சிபா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவளே ஒரு சொல்லைத் தாளில் எழுதி நீட்டினாள்: 'மாறினவன்'. இத்தனை வருஷம் கழித்தும் அதைவிட நல்ல சொல் எனக்குத் தோன்றவில்லை.

பேச்சை எழுதினால் போதும் என்று நினைத்திருந்தேன். அவள் விடவில்லை. "அவன் வாயைத் தொறக்கான். பேசலை. அப்போ என்ன வருது?" என்று கேட்டாள். உறுமுகிறான் என்றேன். "உறுமல்னா எப்படி இருக்கும்?"

மாலையில் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருவரும் முன்பக்கம் ஏறினோம். டிரைவர் பக்கத்தில் எஞ்சினை மூடிய பெட்டி இருக்குமே, அதன் மேல் அவள் உள்ளங்கையை எடுத்து வைத்தேன். சமாதானபுரம் மேட்டில் பஸ் முக்கி முக்கி ஏறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஏம்மா, சுட்டுரும்மா, கையை எடு" என்றார் டிரைவர். அவள் எடுக்கவில்லை. இறங்கிய பிறகு நெஞ்சில் கையை வைத்து, "பாவம், அவனுக்கு உள்ள வலிக்கு" என்றாள். அதன் பிறகு மாறினவர்கள் உறுமும் இடத்திலெல்லாம் நான் 'வலியோடு உறுமுகிறான்' என்றுதான் எழுதினேன்.

இப்படியாக மூன்றாம் பாகத்துக்கு வந்தேன்.

அதில் வேட்டைக் கூட்டம் குட்டைமுடியின் சொந்த ஊருக்கே போகிறது. ஊரில் கிணற்றடிக்குப் போன பெண்கள் திரும்பி வரவில்லை. பனிக்குள் தேடிப் போகிறாள். அவள் ஈட்டிக்கு எதிரில் வந்து நிற்பது மாறிவிட்ட அவள் தம்பி, பஸ்ஸில் என் மூக்கில் இடித்த அதே முகம். அவன் கொம்பைப் பார்க்கிறாள், வாயைப் பார்க்கிறாள். ஈட்டியை இறக்குகிறாள். அவன் பாய்கிறான். வேறு வழியில்லாமல் குத்திவிடுகிறாள். அவள் மடியில் கிடந்தபடி அவன் கடைசியாக இரண்டு வாக்கியம் பேசுகிறான். ஆங்கிலத்தில் சின்னச் சின்னச் சொற்கள், எனக்கே அகராதி தேவைப்படவில்லை: 'நான் கூப்பிட்டேன். நீ திரும்பவே இல்லை.'

டைப் அடிக்க விரல் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் ஹெப்சிபா ஒரு காதணி விழாப் பத்திரிகைக்கு ஓரத்தில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பூ சாய்ந்திருக்கிறதென்று நாக்கைக் கடித்துக்கொண்டு அதை நேராக்கிக்கொண்டிருந்தாள். நான் அந்த இரண்டு வாக்கியங்களையும் விட்டுவிட்டு 'வந்துவிட்டாயா' என்று ஒரே சொல்லை அடித்துச் சேமித்தேன். பெரிய நல்ல காரியம் செய்துவிட்டதாக எனக்கு ஒரு நிறைவு வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சலீம் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். அவர்கள் பள்ளி நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். சிலர் ஆராதனை முடிந்து நேராக வந்திருந்தார்கள். கூடத்தில் அண்ணன் அனுப்பிய பெரிய டி.வி., இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர். சலீமின் உம்மா எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு என்னிடம் வந்து, "ஒனக்குக் கேக்கும்லா? காதுல பஞ்சு வச்சுக்க" என்றார். எதற்கு என்று படம் தொடங்கியதும் தெரிந்தது. சலீம் ஒலியை முழுக்கத் திருகி வைத்திருந்தான். எல்லோரும் செருப்பில்லாமல் தரையில் காலைப் பதித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் பலூனை ஊதி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான். அந்த அதிர்வில்தான் அவர்கள் படத்தைக் கேட்டார்கள்.

அந்த மதியத்தை நினைத்தால் எனக்கு இன்னும் கனவு மாதிரிதான் இருக்கிறது. சுவரே ஆடும் சத்தம், அதற்குள் பேச்சே இல்லாத ஒரு கூட்டம். பனி வந்தால் திரை வெளிச்சம் எல்லோர் முகத்திலும் நீலமாக விழும். ஒருவர் கை எழும்பும், பதிலுக்கு நான்கு கைகள் எழும்பித் தாழும், தண்ணீரில் மீன் புரள்வதுபோல. நான் எழுதிய ஒரு வரிக்கு அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் எழுதிய எதற்கும் அப்படி ஒரு மூச்சு கிடைத்ததில்லை.

நடுவில் கதவு தட்டும் சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டது. திறந்தால் அடுத்த வீட்டுக்காரர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு. "ஏலே சலீமு, என்னலே நடக்கு இங்கன? வீடு இடிஞ்சு விழப் போவுதுலே!" என்று கத்தினார். அத்தனை முதுகுகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. திரையை எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், "என்ன படம் பிள்ளே?" என்று கேட்டுவிட்டு, உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

தம்பி குட்டைமுடியின் மடியில் கிடந்து 'வந்துவிட்டாயா' என்றான். பலர் அழுதார்கள். ஹெப்சிபா அழவில்லை. அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து அந்த வரியையே பார்த்தாள், சாய்ந்த பூவைப் பார்ப்பதுபோல.

மறுநாள் காலை நான் கடைக்குப் போனபோது அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். திரையில் அந்தக் காட்சி நின்றுகொண்டிருந்தது, ஆங்கில எழுத்தோடு. மேஜையில் என் அகராதி.

"இங்கிலீஷ்ல ரெண்டு வாக்கியம் இருக்கு. உன்கிட்ட ஒரு சொல்லுதான் இருக்கு. மத்தது எங்கன போச்சு?"

சுருக்கி எழுதினேன் என்றேன். அவள் அகராதியைத் திறந்து இரண்டு இடங்களில் விரலை வைத்தாள். கூப்பிடு. திரும்பு. அவளே தேடிக் கண்டுபிடித்திருந்தாள்.

"நீ வருத்தப்படுவேன்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கை அதற்கு முன் அப்படி வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. "வீட்டுல எல்லாரும் சிரிப்பாங்க, என்னன்னு கேப்பேன், ஒண்ணுமில்லைன்னுவாங்க. எல்லாரும் அழுவாங்க, என்னன்னு கேப்பேன், ஒண்ணுமில்லைன்னுவாங்க. பஸ் ஏன் நிக்கி? ஒண்ணுமில்லை. டாக்டர் அவ்வளவு நேரம் என்ன சொன்னாரு? ஒண்ணுமில்லை. இத்தனை பேரு இருக்காங்க எனக்குப் பாதி சொல்லுததுக்கு. நீயுமா?"

அண்ணாச்சி உள்ளே வந்தார், எங்கள் இரண்டு முகத்தையும் பார்த்தார், டீ குடிக்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டார். இப்போதுதானே குடித்துவிட்டு வந்தார் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. மனசு எங்கெல்லாம் ஓடி ஒளிகிறது பாருங்கள்.

ஹெப்சிபா கொஞ்சம் அடங்கிய பிறகு மெதுவாகக் கேட்டாள். "சாமு என்னைக் கூப்பிட்டானா? அன்னைக்கு உன்கிட்ட கேட்டேன், முடியாதுன்னே. உன் முகம் வேற சொல்லிச்சு. எங்க அம்மாகிட்ட எத்தனையோ தடவை கேட்டாச்சு. இல்லைன்னு தலையை ஆட்டுவா, அதுக்கு மேல கேட்டா எந்திரிச்சுப் போயிருவா. நீ வா. நீ கேளு. அவ சொல்லுததை அப்படியே சொல்லு."

மறுக்க எனக்கு முகம் இல்லை.

அடுத்த விடுமுறை நாளில் இருவரும் போனோம். பத்தமடை தாண்டியதும் வயலும் வாய்க்காலும் மாறி மாறி வந்தன. ஜன்னலோரம் ஹெப்சிபா, வழியெல்லாம் கையை மடியில் கட்டிக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் எனக்குக் காது அடைத்ததுபோல இருக்கும்.

அவள் அம்மா வீட்டுக்குள் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். வெட்டிய இலை, ஒரு சிட்டிகைத் தூள், ஒரு உருட்டு, நுனியை மடக்கி நூல் சுற்று. பேசினாலும் கை நிற்காது. மகளின் பாஷையை அந்தக் கைகள் படிக்காமல் போனதற்கு எனக்கு அப்போது காரணம் புரிந்தது. அவற்றுக்கு ஓய்வே கிடைத்ததில்லை.

குடிக்கத் தண்ணீர், ஊர் விசாரிப்பு எல்லாம் முடிந்தது. நான் கேட்டேன். "அத்தை, சாமு போனான்லா, அன்னைக்கு... அவன் அக்காவைக் கூப்பிட்டானான்னு ஹெப்சி கேக்கா."

கை நின்றது. அம்மா மகளைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துச் சொன்னார். "கூப்பிட்டான் தாயி. அக்கா அக்கான்னு ரெண்டு சத்தம். அக்கரையில மாடு குளிப்பாட்டிக்கிட்டு நின்னவரு கேட்டுருக்காரு. அவரு நீந்தி வாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு. இந்த நெஞ்சுக்குள்ளயே வச்சுக்கிட்டு இருக்கேன். அவளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா. இல்லைன்னு சொல்லிரு. நல்லா இருப்பே, சொல்லிராதே."

ஹெப்சிபா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவும். இரண்டு பேருக்கும் நடுவில் அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பொறுப்பை யாரிடமாவது இறக்கி வைத்துவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடியிருப்பேன், எனக்கு அந்த ஊரில் பஸ் எங்கே நிற்கும் என்றுகூடச் சரியாகத் தெரியாது.

சொன்னேன். முதலில் அம்மா சொன்னதை, பிறகு சொல்லாதே என்று சொன்னதையும். கூப்பிட்டான். அக்கா, அக்கா. இரண்டு தடவை.

அவள் கேட்டாள். "அம்மான்னு கூப்பிடலையா? அக்கான்னா?"

அதையும் கேட்டேன். "அக்கான்னுதான்" என்றார் அம்மா, ஒன்றும் புரியாமல்.

ஹெப்சிபா அழத் தொடங்கினாள். நான் பயந்ததுபோல உடைந்து போய் அல்ல. அழுதுகொண்டே கையும் பேசியது. அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "என்ன சொல்லுதா? ஏ பிள்ளே, என்ன சொல்லுதா அவ?"

நான் வரிக்கு வரி சொன்னேன். "நான் என்ன நெனச்சிருந்தேன் தெரியுமா? இவளுக்குத்தான் கேக்காதே, இவளைக் கூப்பிட்டு என்ன பிரயோசனம்னு சாமு கூப்பிடாமலே போயிட்டான்னு நெனச்சிருந்தேன். இத்தனை வருசமும் அதையேதான் நெனச்சேன். அவன் கூப்பிட்டிருக்கான். கேக்காதுன்னு தெரிஞ்சும் என்னைத்தான் கூப்பிட்டிருக்கான்."

அம்மாவின் மடியிலிருந்து தட்டு சரிந்து தூள் தரையெல்லாம் கொட்டியது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. நகர்ந்து வந்து மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கையைப் பிடித்தால் ஹெப்சிபாவால் பேச முடியாது. ஆனால் அவளும் விடுவித்துக்கொள்ளவில்லை. நான் எழுந்து வெளியே போய் நின்றேன். எனக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது.

மறுநாள் கடையில் ஹெப்சிபா என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்றாம் பாகத்துக் கோப்பைத் திறந்து 'வந்துவிட்டாயா' என்பதை அழித்தாள். 'நான் கூப்பிட்டேன். நீ திரும்பவே இல்லை' என்று அவளே அடித்தாள். முற்றுப்புள்ளிக்குப் பிறகு சரியாக ஒரு இடைவெளி விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சலீம் வீட்டில் மறுபடியும் திரையிட்டோம். நான் எழுந்து நின்று, போன தடவை நான் ஒரு வரியை மாற்றிவிட்டேன், மன்னியுங்கள் என்று கையால் சொன்னேன். அடுத்த வீட்டுக்காரர் தாமே சீக்கிரம் வந்து இடம் பிடித்திருந்தார். எனக்கு அன்று கிடைத்த திட்டு கொஞ்சமில்லை. பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் கையால் திட்டினால் காதைப் பொத்திக்கொள்ளவும் வழியில்லை.

நாலாம் பாகம் தொடங்கவே இல்லை. என் கல்யாணம் நிச்சயமாகித் தூத்துக்குடிக்குப் போய்விட்டேன், பல வருஷம் கழித்துத்தான் இந்தப் பக்கம் திரும்பி வந்தேன். அண்ணாச்சி காலமாகி, அந்தக் கடை கைமாறி, இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். நாங்கள் எழுதிய கோப்புகள் இருந்த கம்ப்யூட்டரை யார் எடைக்குப் போட்டார்களோ தெரியாது. சலீமும் தன் அண்ணனிடமே துபாய்க்குப் போய்விட்டான். அந்தக் கூட்டம் அதற்குப் பிறகு கூடவில்லை. கூட வேண்டிய தேவையும் இல்லை, அவரவர் கையில் அவரவர் திரை. இன்றைக்கு அந்தத் தொடர் தமிழிலேயே பேசுகிறது, எழுத்தும் கீழே ஓடுகிறது என்கிறார்கள்.

ஹெப்சிபா கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். பனியன் கம்பெனி ஒன்றில் லேபிள் வடிவமைக்கிறாள். எங்களுக்குள் செய்தி வராத வாரமில்லை. எல்லாம் போனில் தமிழில் அடித்து அனுப்புவதுதான். வசதியாக இருக்கிறது. அந்த வசதி எதைத் தின்றுகொண்டிருந்தது என்பது போன கிறிஸ்துமஸுக்கு அவள் வீடியோவில் வந்தபோதுதான் தெரிந்தது.

எனக்குக் கை வரவில்லை. 'சாப்பிட்டாயா' வந்தது, 'நல்லா இருக்கியா' வந்தது. அதற்கு மேல் விரல்கள் பாதி வழியில் நின்று யோசித்தன. அவள் சொல்வதும் ஓடுகிற தண்ணீர்போலக் கடந்து போனது. அவளுக்குப் புரிந்துவிட்டது. தன் கைகளை மெதுவாக்கினாள். காது கேட்கிறவர்கள் அவளிடம் வாயை அகலமாக அசைத்துப் பேசுவார்களே, அதேபோல எனக்காகக் கையைப் பெரிதாக, பையப் பைய அசைத்தாள்.

பக்கத்தில் அவள் மகள், ஏழெட்டு வயதிருக்கும், காது கேட்கிற பிள்ளை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அம்மாவிடம் கையால் என்னவோ கேட்டாள். ஹெப்சிபா பதில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்ன சொன்னாள் என்று பிள்ளையிடம் கேட்டேன்.

"ஆன்ட்டிக்குக் கொஞ்சம் கை மந்தமாம்" என்றது. பிறகு, "அம்மா பேசறத நானே சொல்லட்டுங்களா?" என்று கேட்டது.

"வேண்டாம் கண்ணு" என்றேன். "அவளே சொல்லட்டும்."

ஹெப்சிபா முதலிலிருந்து ஆரம்பித்தாள். எனக்குப் பிடிபடவில்லை. இன்னொரு தடவை என்று கேட்டேன். சொன்னாள். மறுபடியும் கேட்டேன்.